மாதாவின் வாயில் என் மனைவியின் குரல்

கன்வீனர் அவர்களே, என் மனைவியின் குரலை எடுத்து வேறொரு பெண்ணின் வாயில் வைத்தது நீங்கள்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். தெரியாமல் நடக்கிற காரியத்துக்கு யாரும் ஜன்னலில் கம்பளி கட்டி, மின்விசிறியை நிறுத்தி, வெளியே குரைக்கிற நாயை விரட்ட ஆள் போடுவதில்லை.

நடந்ததை நடந்தபடி இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்க்கிறவன் நான். பச்சை இலையில் இருக்கிற தண்ணீரை வற்ற வைப்பதுதான் என் தொழில். எழுத உட்கார்ந்தாலும் அதுதான் வரும். ஜோடனை எதிர்பார்க்கிறவர்கள் உங்கள் விழா மலரைப் படித்துக்கொள்ளட்டும்.

உங்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேரளத்து இடுக்கியில், ஏலப்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில், எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் பிறந்தவர் நீங்கள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் ‘நூறு’ என்பார்கள். பிறகு படித்தீர்கள், எஸ்டேட் ஆபீசில் வேலை கிடைத்தது, ஸ்டாஃப் குவார்ட்டர்சுக்குக் குடிபோனீர்கள். நல்லது. காலம் முழுக்க லயத்திலேயே கிடக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கள் பங்குக் கோவிலில் எந்தப் பரிபாடி நடந்தாலும், பெருநாளோ, பொங்கல் விளையாட்டோ, யாராவது வெளிநாட்டு விருந்தாளிக்கு வரவேற்போ, நீங்கள்தான் கன்வீனர். எங்களிடம் மலையாளத்தில் பேச ஆரம்பித்தீர்கள். அதிலும் எனக்குக் குறை இல்லை. நானும் பேசுவேன், என் மகள் மலையாளத்திலேயே படித்தவள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நீங்கள் தமிழில் பேசினால், எங்களிடமிருந்து உங்களுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது.

நவம்பரில் ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்று, “அக்கா, சொகமா இருக்கீங்களா?” என்று என் மனைவியிடம் நல்ல தமிழில் கேட்டீர்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கட்டப்பனையில் பெரிய ஹாலில் கிறிஸ்துமஸ் மியூசிக்கல் நடக்கப் போகிறது என்றீர்கள். பல பங்குகள் சேர்ந்து நடத்துவது. இயேசு பிறப்பு முழுக்கப் பாட்டும் ஆட்டமுமாக மேடையில். டவுனிலிருந்து டைரக்டர் வந்திருக்கிறார். குடுமி போட்டிருக்கிறார், ஆகவே பெரிய ஆள்தான். அவருக்கு ‘மலையின் பாட்டு’ ஒன்று வேண்டுமாம். நம் கரோல் பாட்டு, கதவு திறக்கிற பாட்டு, அதுதான் வேண்டுமாம்.

அந்தப் பாட்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கரோல் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் லயங்களில் அதற்கு ஒரு முறை உண்டு. கரோல் கூட்டம் வரும்போது எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கும். உள்ளே விளக்கு எரியும், ஆள் இருப்பார்கள், ஆனாலும் திறக்கமாட்டார்கள். வெளியே மாதாவின் இடத்தில் நின்று ஒரு பெண் பாடுவாள்:

மலையேறி வந்த புள்ள மஞ்சுல நனையுது,
வழிகேட்டு நின்ன தாய்க்குக் கை காலு உறையுது.

பாடி முடித்து, “கதவத் தெறங்க!” என்று ஒரு சத்தம் கொடுப்பாள். உள்ளே இருக்கிறவர்கள் பதில் பாடிக்கொண்டே திறக்க வேண்டும்:

கம்பளி இருக்குதம்மா, கணப்பும் இருக்குது,
உள்ள வா ராசாத்தி, ஒனக்கும் எடமிருக்குது.

திறக்காத வீடு கிடையாது. சாவு விழுந்த வீடும் திறக்கும். போனஸ் தகராறில் இரண்டு யூனியனாகப் பிரிந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்த வருடத்திலும் திறந்தார்கள்; திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அது வேறு விஷயம். பெத்லகேம்காரர்கள் மாதாவுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்திய பேச்சு இன்றைக்கு வரைக்கும் ஓயவில்லை, அந்தக் கெட்ட பெயர் நமக்கு வேண்டாம் என்பதுதான் எங்கள் ஆட்களின் எண்ணம். அந்தச் சத்தம் கேட்டால் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகும். யோசிக்கிற வேலையே இல்லை.

பல வருடமாக வெளியே நின்று பாடுகிறவள் என் மனைவி. கொழுந்து கிள்ளுகிறவள். அவள் குரல் இனிமையா என்று என்னைக் கேட்காதீர்கள். என்னைத் திட்டுகிற குரலும் அதுதான். ஆனால் அவள் மேல்காட்டில் நின்று கூப்பிட்டால் கீழ்க்காட்டில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவ்வளவு எனக்குத் தெரியும்.

“அக்கா, நீங்க ஸ்டேஜுல கோரஸ்ல நிக்கணும்,” என்றீர்கள். “மொதல்ல பாட்ட ஒரு தடவ ரெக்கார்ட் பண்ணிக்கிறோம். மாதாவா நடிக்கிற குட்டிக்குத் தமிழ் தெரியாது. நீங்க பாடுறதக் கேட்டுத்தான் அது படிக்கணும்.”

“படிக்கட்டும் தம்பி, நல்லதுதான,” என்றாள் அவள்.

வேலை முடிந்து, கையில் கொழுந்துக் கறை போகாமலேயே கோவிலுக்குப் போனோம். பூசை உடுப்பு வைக்கிற அறையில் கம்பளியைத் தொங்கவிட்டு, அவளை நடுவில் நிறுத்தி, வாய்க்கு முன்னால் மைக்கை வைத்தார் குடுமிக்காரர். “வீட்டு முன்னால எப்படிப் பாடுவீங்களோ அப்படியே” என்று நீங்கள் மொழிபெயர்த்தீர்கள். அவள் அப்படியே பாடினாள். சத்தமும் கொடுத்தாள். உள்ளே ஆள் இல்லாததால் பதிலையும் அவளே பாடினாள். குடுமிக்காரர் “சேச்சி, ஒரு தவண கூடி” என்றார். இன்னொரு தடவை பாடினாள். அப்புறம் இன்னொரு தடவை. தொண்டை கட்டுகிற வரைக்கும் பாடினாள். ஒரு பெண் கேட்டுப் பழகுவதற்கு இத்தனை தடவையா என்று கேட்டேன். “பெர்ஃபெக்ஷன் வேணும் சேட்டா” என்றார். எங்கள் தொண்டைக்குப் பெர்ஃபெக்ஷன் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒத்திகைக்கு என்று அவள் வெள்ளை ரவிக்கை தைத்துக்கொண்டாள். ஒத்திகைக்குக் கூப்பிடவே இல்லை. விசாரித்தபோது நீங்கள் மலையாளத்துக்குத் திரும்பியிருந்தீர்கள். மேடையில் இடம் போதவில்லை, ஒட்டகம் வருகிறது, கோரசைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றீர்கள். ஒட்டகத்துக்கு இடம் விட்டு என் மனைவி இறங்கினாள். மனிதர்களை ஒட்டகம் கீழே தள்ளுவது இடுக்கியில் புதிது. பதிலுக்கு எங்கள் லயத்துக்குக் கடைசி வரிசைகளில் இலவச பாஸ் கொடுத்தீர்கள். கடைசி வரிசைக்கு யாராவது காசு கொடுத்து வருவார்களா என்று நான் கேட்கவில்லை.

அவள் வருத்தப்படவில்லை. “நம்ம பாட்டு ஸ்டேஜுல வருதுல்ல? அது போதும்,” என்றாள்.

மியூசிக்கல் நாள் மதியம் இரண்டு ஜீப்பில் கிளம்பினோம். எங்கள் ஜீப்பை ஓட்டியது என் மச்சான், மனைவியின் அண்ணன். பின்னால் நான், மனைவி, நர்சிங் படிப்பிலிருந்து லீவுக்கு வந்த மகள், எங்கள் ஃபேக்டரியில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். மனைவி அந்த வெள்ளை ரவிக்கையைத்தான் போட்டிருந்தாள். தைத்ததை வேறு எப்போது போடுவது?

“மாப்ள,” என்றார் மச்சான், “நெசமாவே ஒட்டகம் வருதா, இல்ல உங்க கன்வீனரே நாலு கால்ல வாறாரா?”

“சும்மா வாங்கண்ணே,” என்றாள் என் மனைவி. “கோயில் காரியம்.”

“கோயில் காரியந்தான். அதான் ஒன்ன எறக்கிட்டு ஒட்டகத்த ஏத்தியிருக்காக.”

“மாமா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க,” என்றாள் மகள்.

ஏலப்பாறை முக்கில் வாகமண் போகிற சுற்றுலா வண்டிகள் நடுரோட்டில் நின்றன. ஆட்கள் இறங்கி மஞ்சை, அதாவது மலையில் இறங்குகிற மூடுபனியை, படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்த மஞ்சு வேண்டாம் என்று கம்பளி போர்த்துகிறோம். அவர்கள் அதற்காக லீவு போட்டு வருகிறார்கள். மச்சான் ஹாரன் அடித்ததற்கு ஒரு அம்மா எங்களையும் சேர்த்துப் படம் எடுத்தாள்.

ஹாலில் கடைசி வரிசைகள் எங்களுக்கு. பெரியவர் மட்டும் பின்வாசல் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். காலம் முழுக்க வாசலில் உட்கார்ந்தவர், நடுவில் உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும்.

மியூசிக்கல் பிரமாதம். பொய் சொல்லவில்லை. பெத்லகேமில் பனி கொட்டியது. சோப்பு நுரையை மிஷினில் போட்டு ஊதினார்கள். வெளியே அசல் மஞ்சு கதவிடுக்கில் காத்து நிற்க, உள்ளே சோப்புப் பனிக்குக் கைதட்டினோம். ஏரோது ராஜா பச்சை விளக்கில் ஆடிய ஆட்டத்துக்குத்தான் நிறைய விசில். குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறவனுக்கு விசில் அடிக்கலாமா என்று என் மகள் கேட்டாள். நன்றாக ஆடுகிறானே, என்ன செய்வது? ஒட்டகம் வந்தது. தெர்மாகோல் ஒட்டகம், அடியில் சக்கரம். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. என் மனைவியின் இடத்தில் நின்ற ஒட்டகம் என்பதால் அதை நான் மரியாதையோடு பார்த்தேன்.

அதற்குப் பிறகு ‘மலைமக்கள்’ காட்சி. பெண்கள் கூடையோடு ஆடி வந்தார்கள். புத்தம்புதிய பிளாஸ்டிக் கூடை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மாங்காய் பறிக்கிற மாதிரிக் கொழுந்து பறித்தார்கள்.

“இப்படிக் கிள்ளுனா சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிருவாரு,” என்றாள் என் மனைவி. பின்வரிசை முழுக்கச் சிரித்தது. முன்னால் இருந்த ஒருவர் திரும்பி உதட்டில் விரல் வைத்தார்.

விளக்கு அணைந்தது. ஒரு மூங்கில் கதவின் முன்னால் மாதா வந்து நின்றாள். மாதா எப்படி இருக்க வேண்டும் என்பதில் உங்கள் கமிட்டிக்குச் சந்தேகமே இருந்ததில்லை: சிவப்பாக. நீலப் பட்டு முக்காடு, கையில் பொம்மைப் பிள்ளை. காதோரம் ஒரு சின்ன மைக்கும் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். எங்கள் பாட்டு வந்தது.

‘மலையேறி வந்த புள்ள’ என்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வருடம் அந்தக் குரலுக்குப் பின்னால் பெட்ரோமாக்சும் டார்ச்சும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். எங்கள் வரிசையில் ஒவ்வொரு தலையாக என் மனைவி பக்கம் திரும்பியது.

அவள் மட்டும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லாத்தான் பாடுது இந்தப் புள்ள,” என்றாள். “தமிழ் தெரியாதுன்னாங்க. எப்படிப் படிச்சிருச்சு பாருங்க.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. நிஜமாகவே சொல்கிறாள். தன் குரல் வெளியிலிருந்து வந்தால் மனிதர்களுக்கு அடையாளம் தெரியாது போலிருக்கிறது.

“அம்மா, அது நீங்கம்மா,” என்றாள் மகள்.

“போடி லூசு.”

“உங்க கொரல்மா. நனையுதுன்னு இழுக்குறதக் கேளுங்க.”

“என்னக் கேட்டுத்தான படிச்சிருக்கு? அப்படித்தான்டி வரும்.”

அப்போது ஸ்பீக்கரில் சத்தம் வந்தது: “கதவத் தெறங்க!” சத்தம் கொடுத்ததும் என் மனைவிக்குத் தொண்டையைச் செருமுகிற பழக்கம் உண்டு. பெர்ஃபெக்ஷன் பார்த்த குடுமிக்காரர் அதை வெட்டவில்லை. மேடையில் மாதா வாயை மூடிப் புன்னகைத்துக்கொண்டு நின்றாள். ஸ்பீக்கரில் மாதா ‘க்கும்’ என்று தொண்டையைச் செருமினாள்.

என் மனைவியின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது.

அதற்கு மேல் எதையும் யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நீங்கள் வேறு மாதிரிச் சொல்கிறீர்கள் என்பதால் இதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்ல ஆசை. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் திறப்பார்கள். பெரியவர் எழுந்து, பின்வாசல் தாழ்ப்பாளை இழுத்து, இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டார். சாயங்கால வெளிச்சம் உள்ளே விழுந்தது. பின்னாலேயே மஞ்சு வந்தது. மேடையில் இருந்த பெரிய திரையில் பெத்லகேம் வெளுத்துப்போய் மறைந்தது. எங்கள் வரிசைகள் எழுந்து நின்று ‘கம்பளி இருக்குதம்மா’ என்று பதில் பாடின. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும். வேண்டுமென்று இல்லை, பழக்கம். ஸ்பீக்கரில் வந்த பாட்டு எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. அதோடு ஒட்டிக்கொண்டு என் மனைவியும் பாடினாள்.

ஒரே குரல் மேடைப் பக்கமிருந்தும் வந்தது, கடைசி வரிசையிலிருந்தும் வந்தது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பேட்ஜ் குத்திய வாலண்டியர் பையன் ஒருவன் ஓடிவந்து, “வாதில் அடைக்கூ, அப்பச்சா, வாதில் அடைக்கூ!” என்று கதவைக் காட்டினான்.

பெரியவர் அசையவில்லை. “பச்ச ஒடம்புக்காரி வெளிய நிக்கா, அடைக்கவாலே சொல்லுத?” என்றார்.

பாதிச் சனம் இதுவும் நாடகத்தில் சேர்ந்தது என்று நினைத்துக் கைதட்டியது. கடைசியில் திரை மூடும்போது குடுமிக்காரர் அந்தக் கைதட்டலுக்கும் குனிந்து வணக்கம் வைத்தார். பெருந்தன்மை. ‘பார்வையாளர்களையும் பாத்திரமாக்கிய புதுமை’ என்று அப்புறம் யாரோ எடுத்த வீடியோவில் பேசியும் இருக்கிறார்.

இத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். நீங்கள் விடவில்லை. பாராட்டு நேரத்தில் மைக்கைப் பிடித்து, மலையாளத்தில் தேனாகப் பேசினீர்கள். தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாத நம் குட்டி, ஒரே மாதத்தில் படித்து, தோட்டத் தொழிலாளர்களின் வேதனையை உயிரைக் கொடுத்துப் பாடினாள், எழுந்து நின்று கைதட்டுங்கள் என்றீர்கள். எழுந்து நின்றார்கள். கன்வீனர் அவர்களே, அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து மைக்குக்குக் கை நீட்டியதை நான் பார்த்தேன். நீங்கள் ஒரு கையில் மொமென்டோவைக் கொடுத்தீர்கள், இன்னொரு கையில் பூச்செண்டைக் கொடுத்தீர்கள். மைக் பிடிக்க மூன்றாவது கையோடு ஆண்டவர் அவளைப் படைக்கவில்லை.

நாங்கள் ஜீப் ஏறுகிற இடத்துக்கு அவளே தேடி வந்தாள். முக்காட்டைக்கூடக் கழற்றவில்லை.

“சேச்சி, ஞான் அல்ல பாடியது,” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நேரில் பாடத்தான் அவளும் நினைத்திருந்தாளாம். நடிப்பு மட்டும் போதும், பாட்டு ரெடியாக இருக்கிறது என்று உங்கள் கமிட்டிதான் சொன்னதாம். வாயசைப்பதற்காகப் போனில் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். சேச்சி எந்த இடத்தில் மூச்சு வாங்குவீர்கள் என்பதுகூட எனக்குத் தெரியும் என்றாள்.

“நீ என்னம்மா செய்வ?” என்றாள் என் மனைவி. “சாப்டியா?”

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் யாரும் அவளைக் குறை சொல்லவும் வேண்டாம்.

திரும்பும்போது மச்சான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. பாதி வழியில் என் மனைவி கேட்டாள்: “ஏங்க, என் கொரல் அப்படியா இருக்கு?”

“அப்படித்தான் இருக்கு.”

“நல்லாத்தான் இருக்கு, என்ன?”

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரோன்னு நெனச்சு நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்,” என்றாள். அடுத்த வளைவில், “இவதான் பாடுனான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. அங்கேயே. எல்லாரும் இருந்தாங்கல்ல,” என்றாள்.

அவள் வாழ்நாளில் எதையும் கேட்டவள் இல்லை. பாட்டை எடுத்தீர்கள், கொடுத்தாள். மேடையை விட்டு இறங்கச் சொன்னீர்கள், இறங்கினாள். முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்று சொன்னாள். ஒரு வார்த்தை. அதற்குக் கன்வீனர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

மறுநாள் பங்கு வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் அறிக்கை வந்தது. ‘ஒழுங்கு தெரியாத சில தோட்டத் தொழிலாளர்களின் நடவடிக்கையால் நிகழ்ச்சிக்கு ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறோம்.’ அதே காரியத்தைக் குடுமிக்காரர் புதுமை என்கிறார், நீங்கள் இடையூறு என்கிறீர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள். கீழே நிறையப் பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். அந்தக் குட்டியின் குரலுக்கு இதயம் போட்டிருந்தார்கள். என் மகள் ‘அது என் அம்மாவின் குரல்’ என்று எழுதினாள். கொஞ்ச நேரத்தில் அது அழிந்துபோயிருந்தது. அப்புறம் அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று குரூப்பை மாற்றிவிட்டீர்கள். குரூப்புக்கு அட்மின் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

இரண்டு நாள் கழித்து, இருட்டுவதற்குள், பிளம் கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தமிழில் பேசினீர்கள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புள்ளைக்குச் சுருதி நிக்கல. கடைசி நேரத்துல வேற வழி இல்ல.”

“கடைசி நேரம்னா நவம்பர்லயா தம்பி?” என்றாள் என் மனைவி. அவளே பேசட்டும் என்று இருந்தேன்.

“கோயிலுக்காகத்தான செஞ்சோம்? யார் பாடுனா என்னக்கா, மாதாவுக்குத்தான பாட்டு. பேர் வேணும்னு நெனச்சாப் புண்ணியம் போயிரும்.”

“அப்ப அந்தப் புள்ள பேர மட்டும் எதுக்கு மைக்ல சொன்ன? அது புண்ணியத்த ஏன் கெடுத்த?”

கன்வீனர் அவர்களே, அந்தக் கேள்விக்கு நீங்கள் கட்டன் சாயாவைக் குடித்தீர்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மன்னிச்சிருங்கக்கா. இது நமக்குள்ள இருக்கட்டும்,” என்றீர்கள்.

“நமக்குள்ளதான இருந்துச்சு எல்லாம்?” என்றாள் அவள். “எடுத்தது நமக்குள்ள. எறக்கி விட்டது நமக்குள்ள. பொய் மட்டும் எல்லாரு முன்னாலயும் சொன்ன. எங்கள ஒழுங்கு தெரியாதவங்கன்னும் எல்லாரு முன்னாலயும் சொன்ன. மன்னிப்ப மட்டும் எங்க அடுப்படியில வந்து சொல்லுத?”

கேக்கைத் திருப்பிக் கொடுத்தாள். நீங்கள் வாங்கவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போனீர்கள். அதை யார் தின்றார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

பங்குத் தந்தையிடம் போனேன். நல்ல மனிதர். இரண்டு பக்கமும் பேசிப் பார்ப்போம் என்றார். இதில் இரண்டு பக்கம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பாடியது ஒரே ஒருத்திதான். யூனியன் தலைவரிடம் சொன்னேன். கூலிப் பிரச்சினை என்றால் பார்க்கலாம், குரல் பிரச்சினை எந்தச் சட்டத்தில் வருகிறது என்று கேட்டார். சரி, எனக்கும் தெரியாது. அதனால்தான் அச்சில் எழுதுகிறேன். அச்சில் எழுதியதை எந்த அட்மினும் அழிக்க முடியாது.

எங்களுக்கு மொமென்டோ வேண்டாம், பூச்செண்டு வேண்டாம், அடுத்த வருடம் சான்சும் வேண்டாம். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த ஹாலில் ஸ்பீக்கர் வழியாகப் பாடியது யார்?

பதிலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். போனில் சொல்லாதீர்கள். பங்குத் தந்தையின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டும் சொல்லாதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலைக் குளிரில் எங்களுக்கு ஒதுக்கியிருக்கிற தமிழ்ப் பூசையிலும், அதற்கப்புறம் வெயில் வந்தபிறகு நடக்கிற மலையாளப் பூசையிலும், அறிவிப்பு வாசிக்கிற இடத்தில் ஏறி நில்லுங்கள். அவள் முதல் பெஞ்சில் இருப்பாள். நானும் பக்கத்தில் இருப்பேன். சனங்களுக்கு முன்னால், உங்கள் சொந்தக் குரலில், இரண்டு மொழியிலும் சொல்லுங்கள்: பாடியது யார்?